வாப்பா விடமாட்டார்

எங்கள் வாப்பாவைப் போன்ற கொடுமைக்காரர் கல்முனைக்குடியிலேயே கிடையாது என்பது பல்கலைக்கழகக் கம்பஸ் முழுக்கப் பரவியிருந்த செய்தி. பெண்பிள்ளை வேலை என்று வாயெடுத்தால் காலை முறிப்பாராம். அவர் செருமினால் உம்மா குசினிக்குள் நின்று நடுங்குவாராம். என் போனை ஒருதரம் சுவரில் அடித்து உடைத்தாராம். எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்குக்கூட இதெல்லாம் மனப்பாடம். காலும் போனும் என் கூட்டாளி றாபியா சேர்த்துவிட்டவை. ஆனால் செய்தியைக் கிளப்பிவிட்டவள் நான்தான்.

உண்மையான வாப்பாவின் பெயர் அபூசாலி. சவளக்கடைப் பக்கம் வயல்காரர்களிடம் நெல் வாங்கி மில்லுக்குப் போடும் யாவாரம். கதிரையில் பூனை படுத்திருந்தால் அதை எழுப்ப மனமில்லாமல் நின்றுகொண்டே தேத்தண்ணி குடிப்பார். டீவியில் குர்ஆன் ஓதும் கிராஅத் போட்டி நடந்தால் வென்ற பிள்ளைக்காகக் கண்ணைத் துடைப்பார், தோற்ற பிள்ளைக்காக அதைவிடக் கூடத் துடைப்பார். என்னை அவர் ஏசியதாக எனக்கு நினைவே இல்லை. நான் தவழும் காலத்தில் பாக்குவெட்டியை வாயில் வைத்தேனாம், அப்போது மட்டும் 'ஏய்' என்றாராம். அந்த 'ஏய்'க்காக மனம் நொந்து அன்றைக்குப் பகல் சோறு தின்னவில்லை என்று உம்மா சொல்லுவார்.

நான் ஹிமாயா. இவர்களுக்கு ஒரே பிள்ளை. முகாமைத்துவம் படித்தவள், நல்ல புள்ளி எடுத்தவள், கழுதை வயதாகியும் மீனில் முள் எடுக்கத் தெரியாதவள். கடற்கரைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தி சொல்லக்கூடிய விஷயமா இது? ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமே. உம்மா சூடை மீனை என் சோற்றுக் கோப்பையில் வைக்கும் முன்னே விரலால் தடவித் தடவி முள்ளை எடுத்துவிடுவார். அவர் விரலுக்குத் தப்பி ஒரு முள் என் தொண்டைக்கு வந்ததே இல்லை. காலையில் என்னை எழுப்புவது உம்மா, பஸ்ஸில் ஏற்றுவது வாப்பா. பஸ் திரும்பி மறையும் மட்டும் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நிற்பார். வீட்டுக் கதவின் சாவி எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். பூட்ட வேண்டி வந்ததே இல்லை.

வளவுக்குள்ளேயே எனக்காக இன்னொரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். மற்ற ஊர்ப் பெண்கள் கலியாணத்தோடாவது தாய்வீட்டை விட்டுப் போகிறார்கள். எனக்கு அந்தத் தொல்லையும் இல்லை. குசினி வாசலிலிருந்து பத்து அடி எடுத்து வைத்தால் என் மிச்ச வாழ்க்கை.

இப்படியிருந்த என்னைத்தான் கடைசி வருடத்தில் மேர்சியா மெடம் தன் ஆய்வுக்குப் பிடித்தார். கம்பஸில் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பானவர். கல்முனை மெதடிஸ்த சேர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு. மெல்லிய உடம்பு, பெரிய ஹேன்ட்பேக், எடுத்த காரியத்தை இடையில் விடாத குணம். பெற்றோரோடு இருக்கிற பிணைப்பு பிள்ளைகளை வேலைக்கு எந்தளவு தயாராக்குகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் பாசமும் நம்பிக்கையும் கிடைத்த பிள்ளைதான் வெளியில் துணிந்து காலெடுத்து வைக்கும் என்று வகுப்பில் விளக்கினார். நான் பலமாகத் தலையாட்டினேன். பாசத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கால்தான் எடுபடவில்லை.

ஆய்வுக்கான கேள்விகளை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்தேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டம் போட வேண்டும், ஐந்து என்றால் முழுக்கச் சம்மதம். 'என் பெற்றோர் என்னைப் புரிந்துகொள்கிறார்கள்', ஐந்து. 'என் பெற்றோர் என்னை நம்புகிறார்கள்', ஐந்து. 'முக்கியமான முடிவுகளை நானே எடுப்பேன்' என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது.

"உம்மா, இதுக்கு என்ன போடுற?"

உம்மா வெங்காயம் உரித்தபடி கேள்வியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "நடுவுல போடு மகள். ஆருக்கும் மனவருத்தம் வராது."

மூன்றில் வட்டம் போட்டேன்.

அந்த மாதமே மெடம் என் பெயரைக் கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனிக்கு அனுப்பிவைத்தார். நேர்முகம் ஒன்லைனில். மடிக்கணினிக்குப் பின்னால், கெமராவில் விழாத இடத்தில், உம்மா தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தில் நன்றாகத்தான் போனது. கடைசியில், கேள்வி கேட்ட மூன்று பேரில் ஒருவர், நீங்கள் தனியாக எடுத்த மிகக் கஷ்டமான முடிவு எது என்று கேட்டார். பழக்க தோஷம், நான் நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தேன். எனக்குத் தாகம் என்று நினைத்த உம்மா தண்ணீர்க் கிளாசைத் தூக்கிக் காட்டினார். நான் மேலே பார்த்ததை ஆழ்ந்த யோசனை என்று அவர்கள் எடுத்திருக்க வேண்டும். முகாமைத்துவம் படிக்க முடிவெடுத்த கதையை உருக்கமாகச் சொன்னேன். அந்த முடிவை எடுத்தவர் வாப்பா. மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. மின்னஞ்சலைப் பார்த்ததும் சந்தோசம் வந்திருக்க வேண்டும். நான் மடிக்கணினியை மூடிவிட்டேன். கொழும்பு, தனி அறை, என்னை எழுப்ப ஆளில்லாத காலை, றோட்டைத் தாண்டப் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாத நடை. பயந்தேன். பச்சைப் பயம். வேறு பெயர் அதற்கு இல்லை.

பகல் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொல்லிவிடத்தான் நினைத்தேன். உம்மா என் கோப்பைக்கு மீன் உடைத்துக்கொண்டிருந்தார். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் வேறொன்று வந்தது.

"கொழும்பு வேல கிடைக்கல்ல உம்மா."

உம்மாவுக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "என்ட புள்ளைய வேணாமெண்டவனுகள்ட தேயிலையெல்லாம் பூஞ்சணம் புடிச்சிப் போகும்!" என்றார். வாப்பா ஏசத் தெரியாதவர், எழுந்து போய் அலுமாரியிலிருந்த அந்தக் கம்பனித் தேயிலைப் பக்கற்றை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து என் தலையில் கை வைத்து, "ஒன்ட பெறுமதி அவனுகளுக்கு விளங்கல்ல மகள்" என்றார். முள்ளில்லாத சோறு அன்றைக்குத்தான் தொண்டையில் சிக்கியது.

கம்பனிக்கு நான் பதில் போடவில்லை. அவர்கள் மெடத்திடம் விசாரிக்க, மெடம் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன ஹிமாயா, ஏன் இன்னும் பதில் குடுக்கல்ல?"

"வாப்பா விடமாட்டார் மெடம்."

எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை இந்த வசனத்தைச் சொல்லிவிட்டால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். பர்தா போட்ட ஒருத்தி தலையைக் குனிந்தபடி சொன்னால் அதற்குச் சாட்சியும் தேவையில்லை. எவ்வளவு வசதியான வசனம் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். மெடத்தின் முகம் சிவந்தது. பக்கத்தில் நின்ற றாபியாவுக்குக் கண் கலங்கியது. "அடிப்பாரா?" என்று மெல்லக் கேட்டாள். "சீ, இல்ல" என்றேன். நான் சொன்ன விதம் சரியில்லைப் போலும், அவள் தேம்பி அழத் தொடங்கிவிட்டாள். அன்று பின்னேரத்துக்குள் வாப்பா என் காலை முறிக்கிறவரானார்.

எல்லாம் அமைதியாக ஓடியது. வீட்டில் கம்பனிக்காரன் கெட்டவன், கம்பஸில் வாப்பா கெட்டவர். இரண்டு பக்கமும் எனக்காக இரங்கினார்கள். வீட்டில் வட்டிலப்பம், கம்பஸில் கன்ரீன் ரோல்ஸ். இந்த இரண்டு பக்கமும் ஒருநாள் நேருக்கு நேர் சந்திக்கக்கூடும் என்று, முகாமைத்துவம் படித்த இந்த மூளைக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் உம்மா எனக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். கேற்றடியில் ஓட்டோ ஒன்று நின்றது. பெரிய ஹேன்ட்பேக் முதலில் இறங்கியது, பின்னால் மேர்சியா மெடம். கையில் பட்டர் கேக் பெட்டி.

எழுந்து ஓடியிருப்பேன். முடி உம்மாவின் கையில் இருந்தது.

"என்ட மெடம்" என்றேன். உம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். "வாங்க மிஸ், வாங்க, இரிங்க" என்று மண்டபத்துக்குள் கூட்டிப்போனார். மெடம் உட்காரவில்லை. உம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்வளவு கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு இருக்கிறீங்க எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

"ஓம் மிஸ்" என்றார் உம்மா, யாரோ ஒருவர் கடைசியில் கேட்டுவிட்ட ஆறுதலோடு. "படியேற ஏலாம இரிக்கி. முழங்கால்ல எண்ண தேச்சாலும் கேக்குதில்ல."

மெடம் என்னைப் பார்த்தார். 'எப்படி மறைக்கிறார் பார்' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் கேக் பெட்டியைப் பார்த்தேன்.

அப்போதுதான் வாப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் நெல் தூசு, கண் சிவந்து போய், தலையில் கட்டிய துவாயோடு உள்ளே வந்தார். கையில் மூட்டையைக் குத்தி நெல் பார்க்கிற இரும்பு ஊசி. நாள் முழுக்க அது கையிலேயே இருப்பதால் கீழே வைக்க மறந்துவிடுவார். ஒரு முழத்துக்கு இருக்கும், முனை கூர். மெடம் அந்த ஊசியைக் கண்டதும் இரண்டடி பின்னால் போய், பிறகு ஹேன்ட்பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். அவருடைய தைரியத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

"நானா" என்று அண்ணன் முறை வைத்துத் தொடங்கினார். "நான் ஹிமாயாட மெடம். கோவிக்காதிங்க, ஒரு விஷயம் கதைக்க வந்தன். உங்கட மகளுக்குக் கிடைச்ச கொழும்பு வேலைக்கு நீங்க விடல்ல எண்டு கேள்விப்பட்டன். கம்பனிக்காரரிட்டச் சொல்லி அந்த இடத்தைத் திங்கட்கிழமை வரைக்கும் புடிச்சு வெச்சிருக்கிறன்."

உம்மா வாயைத் திறந்தார். "என்ன வேல? அதுதான் கிடைக்கல்ல எண்டு..."

வாப்பா என்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான். மூட்டைக்குள் ஊசியை விட்டு எடுத்தால் உள்ளே கிடப்பது எந்த நெல் என்று அவருக்குத் தெரியும். அப்படித்தான் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனி எல்லாம் முடிந்தது, மெடத்துக்கு முன்னால் என் மானம் கப்பலேறப் போகிறது என்று கண்ணை மூடினேன்.

"சரீபா" என்றார் வாப்பா, நான் கேட்டறியாத ஒரு குரலில். "நீ சும்மா இரி."

உம்மா திகைத்துப்போய் இருந்துவிட்டார். இத்தனை வருட வாழ்க்கையில் அந்த மனிதர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம்.

"ஓம் மிஸ்" என்றார் வாப்பா, நெஞ்சை நிமிர்த்தி. "நாந்தான் வேணாமெண்டன். பொம்புளப் புள்ள என்னத்துக்குக் கொழும்புக்கு?"

இவ்வளவு கேவலமான நடிப்பை நான் பார்த்ததில்லை. குரலைத் தடிக்க வைக்கப் பார்த்தார், அது கீச்சிட்டது. இல்லாத மீசையைத் தடவினார். மெடமோ அசரவில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான போடிங் விடுதி கொழும்போடு ஒட்டிய தெஹிவளையில் இருக்கிறது, அதை நடத்துகிறவர் சம்மாந்துறைக்காரி என்றார். வாப்பாவுக்கு அடுத்த காரணம் வேண்டியிருந்தது.

"அங்கத்தத் தண்ணி இவக்கு ஒத்துக்காது."

"கொதிக்க வெச்சுக் குடிக்கலாம்."

"வீடு கட்டுறம் மிஸ். பெயின்ற் அடிக்கணும். இவ இல்லாட்டி நெறம் ஆரு செல்ற?"

"போன்ல படம் அனுப்பினா சொல்லுவா."

வாப்பாவிடம் இருந்த காரணம் அவ்வளவுதான். கையிலிருந்த ஊசியை ஒரு தரம் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்த காரணத்தை எடுத்துக்கொடு என்று கேட்கிற பார்வை. நாடகத்தில் வசனம் மறந்த பிள்ளை டீச்சரைப் பார்க்கும் பார்வை. நானும் ஒரு காரணம் தேடினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மழைக்காலம் வருகிறது என்று சொல்லலாமா என்று நினைத்தேன்.

அதற்குள் மெடத்தின் பொறுமை தீர்ந்தது. "நானா, நான் உண்மையைச் சொல்லட்டா? நீங்க பயந்தவர். உலகத்துக்குப் பயம். அந்தப் பயத்துக்குப் பிள்ளையிட எதிர்காலத்தைப் பலி குடுக்கிறீங்க. அவ பயப்படல்ல. நீங்கதான் கோழை."

எங்கள் வீட்டு மண்டபத்தில், எங்கள் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, எங்கள் வாப்பாவைப் பார்த்து ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னார். வாப்பா தலையிலிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். இப்போது அவர் நடிக்கவில்லை.

"ஓம் மிஸ்" என்றார், அவருடைய சொந்தக் குரலில். "நான் பயந்த மனுசன்தான்."

என் பயம் அது. என் வயிற்றில் கிடந்த பயத்தை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். நெல் மூட்டை தூக்குகிறவருக்கு அதுவும் ஒரு மூட்டை போல.

"மெடம்!" என்று கத்தினேன். "வாப்பா மறிக்கல்ல. அவருக்கு ஒண்டுமே தெரியாது. எனக்குத்தான் பயம். நாந்தான் பொய் சொன்னன்."

சொல்லி முடித்ததும் உடம்பு இலேசானது. உண்மை பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே மதரசாவில் படித்தோம். மெடம் என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய கண் நிரம்பியது. வாப்பாவின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா நானா? பிள்ளையை எந்தளவுக்குப் பயமுறுத்தி வெச்சிருக்கிறீங்க எண்டு. பழியைத் தன்ட தலையில போடுறா."

"இல்ல மெடம், உண்மையாத்தான்..."

"நீங்க கதைக்காதிங்க ஹிமாயா. எனக்கு விளங்குது." என் தோளைத் தட்டினார். "அண்டைக்கு அந்தக் கேள்விகளிலயும் பெற்றோர் பகுதிக்கு முழுக்க அஞ்சு போட்டிருந்தீங்க. அப்பவே நினைச்சன், பாவம், வீட்டில ஆரோ பாத்துக்கொண்டு இருந்திருக்கினம் எண்டு."

ஐந்துதான் நான் போட்டதிலேயே உண்மை. மூன்றுதான் பொய். அதை இனி எந்த வாயால் சொல்வது? நான் முதலில் சொன்ன பொய் எங்கள் ஊருக்கும் என் உடுப்புக்கும் வாப்பாவின் தாடிக்கும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிட்டது. உண்மை யாருக்கும் பொருந்தவில்லை. எவ்வளவு கத்தினாலும் அது மிரட்டப்பட்ட பிள்ளையின் கத்தலாகத்தான் கேட்கும். வாப்பா கெட்டவர் இல்லை என்று நிறுவ எனக்கு மிச்சமிருந்த வழி ஒன்றே ஒன்று. அது பேச்சில் இல்லை, பஸ்ஸில் ஏறுவதில் இருந்தது.

"நான் போறன் மெடம்" என்றேன். "கொழும்புக்கு."

உண்மையிலேயே வாயிலிருந்து வந்துவிட்டது. பயம் அப்படியேதான் இருந்தது. உம்மாவைப் பார்க்காமல் நான் சொன்ன முதல் முடிவு. மெடமோ அனுமதிக்காக வாப்பாவைப் பார்த்தார்!

வாப்பாவுக்கு வேடத்தைக் கழற்ற இடமே கிடைக்கவில்லை. "சரி மிஸ்" என்றார். "நீங்க இவ்வளவு தூரம் வந்து செல்றதால... போகட்டும்." அந்த 'போகட்டும்' இடையில் உடைந்தது. அது நடிப்பில்லை என்று எனக்கும் உம்மாவுக்கும் தெரியும். கல்நெஞ்சு கரைந்த நேரத்தை நேரில் கண்டதாக மெடம் நினைத்தார். கேக்கை வெட்டி வாப்பாவின் கையில் முதல் துண்டைக் கொடுத்தவரும் அவர்தான்.

ஓட்டோ போய் மறைந்ததும் உம்மா எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், ஒருதரம் அடித்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"கிடைச்ச வேலைய கிடைக்கல்ல எண்டு செல்லியிருக்கிறாய். நான் அந்தக் கம்பனிக்காரனுக்கு எவ்வளவு ஏசினன்! தொழுகப் பாயில இருந்தெல்லாம் ஏசினன். அந்தப் பாவத்த இப்ப எங்க கொண்டு போய்த் தொலைக்கிற?" ஏசிக்கொண்டே இருந்தவர் அழத் தொடங்கினார். "எங்களுக்கிட்டயே ஒளிக்கிற அளவுக்கு நாங்க ஒனக்கு என்ன கொற வெச்சம் புள்ள?"

"ஒண்டும் கொற வைக்கல்ல உம்மா" என்றேன். "அதுதான் பயம். மீன் முள்ளுக்கூட எடுக்கத் தெரியாம நான் எப்பிடிப் போற?"

உம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"என்னத்துக்கு வாப்பா நீங்க அப்பிடி நடிச்சீங்க?" என்று வாப்பாவிடம் கேட்டேன். ஊசியைச் சுவரில் தொங்கவிட்டபடி சொன்னார். "அவ ஒனக்குப் படிச்சுத் தந்தவ. ஒன்னப் பொய்க்காரி எண்டு நினைக்கப்படாது. என்னய என்னெண்டாலும் நினைக்கட்டும். எனக்கும் அவவுக்கும் என்ன பழக்கமா?"

பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த தேயிலைப் பக்கற்றை உம்மா போய்த் திருப்பிக் கேட்டு வாங்கிவந்தார். பாதி முடிந்திருந்தது.

இப்போது தெஹிவளை போடிங்கில் இருந்து எழுதுகிறேன். கதவுக்கு ஒரு சாவி தந்திருக்கிறார்கள். முதல் கிழமை முழுக்க எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல், சம்மாந்துறை அக்காவைக் கூப்பிட்டுத் திறந்துகொண்டேன். காலி வீதியைத் தாண்ட, முன்னால் போகும் ஏதாவது பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். வேலையில் குறை சொல்வதற்கில்லை. தேயிலைக் கணக்கு எனக்கு வருகிறது. வாழ்க்கைக் கணக்குத்தான் இழுபறி.

வாப்பாவின் பெயரைத் துடைக்கத்தானே வந்தேன்? அதையும் கேளுங்கள். போன கிழமை றாபியா போன் எடுத்தாள். மேர்சியா மெடம் இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் எங்கள் வாப்பாவைப் பற்றித்தான் பேசுகிறாராம். பெயர் சொல்வதில்லையாம், 'கல்முனைக்குடியில் ஒரு தகப்பன்' என்று தொடங்குகிறாராம். கையில் ஆயுதத்தோடு வந்து நின்ற மனிதர், அரை மணித்தியாலத்தில் குழந்தை போல் அழுது மகளை அனுப்பிவைத்தாராம். மனம் மாறிய பெற்றோருக்கு உதாரணமாம். ஆக, கொடுமைக்காரராக இருந்த வாப்பா என் தயவில் திருந்திய கொடுமைக்காரராகிவிட்டார். அவ்வளவுதான் நான் துடைத்தது.

நேற்று வேலை முடிந்து வந்து வாப்பாவுக்கு எடுத்தேன். விஷயத்தைச் சொல்லி, மெடத்துக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதப் போகிறேன் என்றேன்.

"எழுது" என்றார். "ஆனா அவ நம்பமாட்டா. நான் சொல்லித்தான் எழுதுறாய் எண்டு நினைப்பா." சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ஒவ்வொரு நாளும் கேட்பதைக் கேட்டார். "என்ன சாப்பிட்ட?"

கடை மீன் சோற்றுப் பார்சல் என்றுதான் தினமும் சொல்லிவந்தேன். கேட்டு உம்மா பின்னால் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லுவார். நேற்று அந்தப் பொய் வாய்க்கு வரவில்லை.

"முட்டப் பார்சல் வாப்பா" என்றேன். "வந்த நாள்ல இரிந்து முட்டதான். மீன் வாங்கவே இல்ல. இண்டைக்குத்தான் வாங்கி முன்னுக்கு வெச்சிட்டு இரிக்கன். சாளை. தொடப் பயமா இரிக்கி."

உம்மா ஏதோ சொல்ல வர, வாப்பா 'உஷ்' என்பது கேட்டது. மெல்ல மெல்ல எடு, முதுகுப் பக்கத்தால் பிள, முள் சிக்கினால் விழுங்க வெறும் சோற்றை உருட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள் என்று சொல்லித் தருவார் என்று காத்திருந்தேன். போனைச் சுவரில் சாய்த்து, ஒலிபெருக்கியில் போட்டு, அவர்கள் சொல்லச் சொல்லத் தின்னலாம் என்று ஆயத்தமாகியும் விட்டேன்.

"நான் போன வெக்கிறன் மகள்" என்றார் வாப்பா. "நீ சாப்பிடு."

எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் முதலில் போனை வைத்ததில்லை. நான் வைக்கும் மட்டும் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், என் மூச்சைக் கேட்டுக்கொண்டு. நேற்று வாப்பா வைத்துவிட்டார். அந்தச் சின்னச் சத்தத்துக்கு நான் அழுதேன். அவரும் அங்கே அழுதிருப்பார், பூனை படுத்திருக்கிற கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

பிறகு சாப்பிட்டேன். விரலால் தடவித் தடவி, ஒரு துண்டு மீனுக்கு அவ்வளவு நேரம் எடுத்து, சோறு ஆறி விறைத்துப் போகச் சாப்பிட்டேன். முள் ஒன்றும் சிக்கவில்லை. சிக்கியிருந்தால் உடனே வாப்பாவுக்கு எடுத்திருக்கலாமே என்று ஒரு கணம் கவலைப்பட்டேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.